தவறிய இரயிலும் தவறாத பயணமும்



கோடை விடுமுறை வந்துவிட்டால், "பிள்ளை கூப்பிடுகிறான், ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வருகிறோம்" என்று விடைபெறும் பெற்றோரை நம் ஊர்களில் அடிக்கடி காண்கிறோம். ஒரு காலத்தில் அத்தகைய பயணம் வளைகுடாவோடும் மலேசியா, சிங்கப்பூரோடும் நின்றது. காரைக்கால், புதுவைக் குடும்பங்களுக்கு மட்டும் பிரான்ஸ் தேசம் தலைமுறைகளாகப் பழகிய இடமாக இருந்தது. இன்றோ படிப்பையும் பணியையும் நாடி ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி என்று நம் பிள்ளைகள் பரந்து கிடக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர் ஒரே ஊரில் தங்கிவிட்டுத் திரும்புவதில்லை. "வந்தது வந்தோம், நாலு ஊர் பார்ப்போம்" என்று புறப்படுகிறார்கள். அங்கே ஊர் விட்டு ஊர் செல்ல இரயிலே எளிய வழி.

இவ்வாறு போய் வந்தவர்கள் சொல்லும் செய்திகளில் பனிமலையும் பழங்கோட்டையும் பாதிதான். மறுபாதி, தவறிப்போன இரயிலும், மாறிப்போன நடைமேடையும், குளிரில் கழித்த இரவும், மாற்றி எழுதப்பட்ட திட்டமுமாக இருக்கும். இம்மாதம் அந்த மறுபாதியைப் பற்றிப் பேசுவோம். இரயில் தவறுவது பெரும்பாலும் நம் கையில் இல்லை. ஆனால் அது தவறும்போது எவ்வளவு இழக்கிறோம் என்பது பெருமளவு நம் கையில்தான் இருக்கிறது.

கடிகாரமும் கணக்கும்

ஐரோப்பிய இரயில் என்றால் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக் கொள்ளலாம் என்றோர் எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. அது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. 2024ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நெடுந்தூர இரயில்களில் குறித்த நேரத்தில் வந்தவை 62.5 விழுக்காடுதான். அந்தக் கணக்கும் 6 நிமிடத்திற்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே கொள்ளாத கணக்கு! பழைய தண்டவாளங்கள், பழைய சைகைக் கருவிகள், தாங்கும் அளவுக்கு மேல் வண்டிகள், ஆங்காங்கே பழுதுபார்க்கும் பணி ஆகியவையே காரணங்கள். ஃபிராங்ஃபர்ட்டுக்கும் மன்ஹைமுக்கும் இடையிலான முக்கியமான பாதையை 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை ஐந்து மாதங்கள் அடியோடு மூடிச் சீரமைத்தார்கள்.

பக்கத்திலேயே இருக்கும் சுவிட்சர்லாந்தின் நிலை வேறு. அங்கே 3 நிமிடம் தாண்டினாலே அது தாமதம். அத்தனை கண்டிப்பான அளவுகோலிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நேரத்துக்கு வந்துவிடுகின்றன. 1982ஆம் ஆண்டு முதல் அந்நாடு முழுவதும் ஒரே சீரான கால அட்டவணை நடைமுறையில் உள்ளது. பெரிய சந்திப்புகளில் பல திசை வண்டிகளும் மணியடிப்பதற்குச் சற்று முன் வந்து கூடி, மணியடித்த சற்று நேரத்தில் பிரிந்து செல்லும்படி அதனை வகுத்திருக்கிறார்கள். ஒன்று தவறினாலும் அரை மணியிலோ ஒரு மணியிலோ அடுத்தது வந்துவிடும். இந்த ஒழுங்கு குலையக் கூடாது என்பதற்காக, ஜெர்மனியிலிருந்து மிகவும் தாமதமாக வரும் வண்டிகளைச் சில வேளைகளில் எல்லை நகரமான பாஸலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பயணிகள் அங்கே இறங்கி வேறு வண்டி ஏற வேண்டியதுதான்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? கணிப்பொறி பயணத் திட்டம் போட்டுத் தரும்போது, "இந்த வண்டியில் இறங்கி, 7 நிமிடத்தில் அந்த வண்டியில் ஏறுக" என்று கூசாமல் சொல்லும். தோளில் ஒரு பையோடு போகும் இளைஞருக்கு அது போதும். மூட்டு வலியுள்ள உம்மாவுக்கும், நான்கு பெட்டிகளுக்கும், தள்ளுவண்டியில் உறங்கும் குழந்தைக்கும் அது போதாது. குடும்பத்தோடு செல்வோர் இரு வண்டிகளுக்கிடையே முக்கால் மணியேனும் விட்டுத் திட்டமிடுவது நலம். அந்நேரம் வீணல்ல; அமர்ந்து ஒரு தேநீர் அருந்தவும், ஒதுங்கித் தொழவும், குழந்தைக்குப் பால் புகட்டவும் அது உதவும்.

பெயரில் ஏமாறும் இடங்கள்

பாரிசில் பெரிய இரயில் நிலையம் ஒன்றல்ல, ஏழு. இலண்டனிலிருந்தும் பிரஸ்ஸல்ஸிலிருந்தும் வரும் அதிவேக வண்டி வடக்கு நிலையத்தில் வந்து நிற்கும். மார்செய், மிலான் பக்கம் செல்லும் வண்டியோ 'லியோன் நிலையம்' என்ற இடத்திலிருந்து புறப்படும். பெயரைப் பார்த்து அது லியோன் நகரில் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது, பாரிசிலேயேதான் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுரங்க இரயிலில் மாறிச் செல்ல வேண்டும். சென்ட்ரலும் எழும்பூரும் வேறு வேறு என்று அறியாமல் சென்னையில் வந்து இறங்குபவரின் திகைப்பை இங்கே நினைத்துக் கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட் என்று இரண்டு நகரங்கள் உண்டு. மைன் ஆற்றங்கரையில் இருப்பது பெரிய வணிக நகரம். ஓடர் ஆற்றங்கரையில் இருப்பது போலந்து எல்லையை ஒட்டியது. வெனிஸ் செல்வோர் 'மெஸ்த்ரே' என்ற நிலையத்தில் இறங்கிவிட்டுத் தண்ணீரைத் தேடுவதும் உண்டு. அது தரைப்பகுதி நிலையம். நீர்சூழ்ந்த நகருக்குப் போக 'சாந்தா லூச்சியா' என்னும் கடைசி நிலையம் வரை அமர்ந்திருக்க வேண்டும்.

ஒரே ஊருக்கு மொழிக்கொரு பெயர் இருப்பது மற்றொரு சிக்கல். நாம் வியன்னா என்பதை அங்கே 'வீன்' என்று எழுதியிருப்பார்கள். மியூனிக் நகரை இத்தாலியர் 'மோனாக்கோ' என்று அழைக்கிறார்கள். பெல்ஜியத்தில் லியேஜ், லயிக், லுட்டிச் மூன்றும் ஓரூரே. எனவே போகும் ஊரின் பெயரை அந்நாட்டார் எழுதும் முறையிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது, இரண்டாகப் பிரியும் இரயில். பெர்லினிலிருந்து மேற்கே வந்த சில அதிவேக வண்டிகள் ஹாம் என்ற சந்திப்பில் இரு கூறாகி வந்தன. ஒரு கூறு எஸ்ஸன், டுசல்டார்ஃப் வழியே போனது. மற்றொன்று வூப்பர்டால் வழியாகக் கொலோன் போனது. சரியான வண்டியில் ஏறியும் தவறான பெட்டியில் அமர்ந்தால் வேறு ஊர் போய்ச் சேர நேரிடும். பெட்டியின் வெளிப்புறத்தில் அது செல்லும் ஊர் ஒளி எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் படித்த பிறகே ஏறுங்கள். பிரான்சிலோ அதிவேக வண்டியின் கதவுகள் புறப்படுவதற்கு 2 நிமிடம் முன்னதாகவே மூடிக்கொள்ளும். வண்டி கண்முன் நிற்கும். ஆனால் ஏற முடியாது.

கோடைக்காலத்தில் பொழுதும் நம்மை ஏமாற்றும். ஜூன் மாத இறுதியில் பாரிசில் சூரியன் மறைய இரவு 10 மணி நெருங்கிவிடுகிறது. மஃரிபுக்கே அந்நேரம் என்றால் பாருங்கள்! "இன்னும் வெளிச்சம் இருக்கிறதே" என்று கடலோரத்திலோ மலையடிவாரத்திலோ உட்கார்ந்திருந்து, நிலையம் வந்து பார்க்கையில் சிற்றூரின் கடைசி வண்டி போயிருக்கும்.

இரவு வண்டியில் செல்வோர்க்கு ஆண்டில் இரு இரவுகள் தனிக் கணக்கு. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். அக்டோபர் இரவில் ஜெர்மனியின் இரவு வண்டிகள் வழியில் ஒரு நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று கணக்கைச் சரிசெய்கின்றன. மார்ச்சிலோ அந்த ஒரு மணி கழிந்தேபோய், வண்டி தாமதமாகத்தான் ஓடும். அன்று காலை விமானமோ இணைப்பு வண்டியோ பிடிக்க வேண்டியிருந்தால் இதை மறந்துவிடலாகாது.

எவரும் எண்ணிப் பாராதவை

மேற்கூறியவை விழிப்பால் தவிர்க்கத்தக்கவை. எவ்வளவு விழிப்போடு இருந்தாலும் தவிர்க்க முடியாதவையும் உண்டு.

2023 ஆகஸ்ட் 27ஆம் நாள் பிரான்சின் மோரியன் பள்ளத்தாக்கில் மலைச்சரிவு ஏற்பட்டது. பாரிசுக்கும் மிலானுக்கும் இடையிலான நேரடி இரயில் நின்றது. அது மீண்டும் ஓடத் தொடங்கியது 2025 மார்ச் 31ஆம் நாள்! 2024 ஜூலை 26, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க நாளன்று, அதிவேகப் பாதைகளின் கருவிகளைச் சிலர் திட்டமிட்டுச் சேதப்படுத்தினர். அந்த வாரக் கடைசியில் சுமார் 8 லட்சம் பயணிகளின் பயணம் பாதிக்கப்பட்டது. 2025 மார்ச் 7ஆம் நாள், பாரிஸ் வடக்கு நிலையத்துக்குச் செல்லும் பாதையருகே இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் குண்டொன்று கண்டெடுக்கப்பட்டது. அதைச் செயலிழக்கச் செய்யும் வரை அந்நிலையத்தின் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. என்றோ நடந்த போர் இன்று ஒரு குடும்பத்தின் விடுமுறையை நிறுத்தி வைத்தது. 2025 ஏப்ரல் 28ஆம் நாள் ஸ்பெயினும் போர்ச்சுகலும் மின்சாரமின்றி இருண்டன. ஸ்பெயினில் நடுவழியில் நின்ற இரயில்களிலிருந்து சுமார் 35,000 பேர் மீட்கப்பட்டனர்.

இவற்றோடு வேலைநிறுத்தமும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் முன்னறிவிப்போடு வருவது. இத்தாலியில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலைநிறுத்த நாளிலும் மக்களுக்கு இன்றியமையாத சேவை நின்றுவிடக் கூடாது. வார நாள்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் வட்டார இரயில்களில் உறுதி செய்யப்பட்டவை ஓடும். பிரான்சில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்தெந்த வண்டி ஓடும் என்பதை முந்தின நாளே பயணிகளுக்கு அறிவித்தாக வேண்டும். எனவே புறப்படும் நாளுக்கு முந்தின மாலை ஒருமுறை விசாரிப்பதை வழக்கமாக்கிக் கொண்டால், நிலையத்தில் போய் நின்று திகைக்க வேண்டியதில்லை.

சட்டம் உங்கள் பக்கம்

நம்மவர்களில் பலர் இரயில் தாமதமானால் விதியை நொந்துகொண்டு, கையிலிருந்து பணம் கொடுத்து வேறு சீட்டு வாங்கிவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பயணிக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமை சிறிதல்ல. 2021இல் இயற்றப்பட்ட விதிமுறை 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் சாரத்தைக் கேளுங்கள்.

வண்டி இரத்தானாலோ, போய்ச் சேருமிடத்திற்கு 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலோ, தேர்வு உங்களுடையது. கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். அல்லது மாற்று வழியில் கூடிய விரைவில் செல்லலாம். அல்லது வசதியான வேறொரு நாளில் செல்லலாம். குறித்த நேரம் கடந்து 100 நிமிடத்திற்குள் நிர்வாகம் மாற்று வழி எதுவும் தெரிவிக்காவிட்டால், வேறு இரயிலிலோ பேருந்திலோ நீங்களே ஏற்பாடு செய்துகொண்டு, தேவையான, நியாயமான செலவைக் கேட்டு வாங்கலாம்.

பயணத்தைத் தொடர்ந்து, 60 முதல் 119 நிமிடம் வரை தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 விழுக்காடும், 120 நிமிடத்திற்கு மேலானால் 50 விழுக்காடும் இழப்பீடு உண்டு. கடும் வானிலை, இயற்கைச் சீற்றம், மூன்றாமவர் செய்த நாசவேலை போன்றவை காரணமானால் இந்த இழப்பீடு கிடைக்காது. ஆனால் இரயில் நிர்வாகத்தின் சொந்த ஊழியர்கள் செய்யும் வேலைநிறுத்தம் அந்த விலக்கில் சேராது. காத்திருக்கும் நேரத்திற்கேற்ப உணவும் நீரும், இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை. நகர்ப்புற, வட்டார வண்டிகளுக்கு இவ்விதிகளில் சிலவற்றிலிருந்து விலக்களிக்க அந்தந்த நாட்டுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்வுரிமையைப் பெறக் கையில் சான்று வேண்டும். பயணச்சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். தாமதம் காட்டும் அறிவிப்புப் பலகையைப் படம் பிடித்துக் கொள்ளுங்கள். உணவு, விடுதிச் செலவு இரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். இழப்பீட்டு மனுவை மூன்று மாதத்திற்குள் அனுப்பியாக வேண்டும்.

ஒரே சீட்டா, துண்டுச் சீட்டா?

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்று வண்டி மாறிச் செல்லும் பயணத்துக்கு ஒரே நிர்வாகத்திடம் ஒரே தொடர்சீட்டாக வாங்கினால், முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டாலும் பயணம் முழுவதற்கும் அவர்களே பொறுப்பு. மலிவாய்க் கிடைக்கிறது என்று வெவ்வேறு இடங்களில் துண்டு துண்டாக வாங்கினால், ஒவ்வொரு துண்டும் தனிப்பயணம். முதல் வண்டிக்காரர் தம் துண்டுக்கு மட்டுமே பொறுப்பாவார். இரண்டாவது வண்டிக்காரரோ, "எங்கள் வண்டி நேரத்துக்குப் போயிற்று, நீங்கள்தான் வரவில்லை" என்பார். சட்டப்படி அவர் சொல்வதும் சரியே.

இந்தியாவிலிருந்து செல்வோர் 'யூரெயில்' என்னும் பொதுச்சீட்டை வாங்கிப் பல நாடுகளில் பயணம் செய்யலாம். திட்டம் மாறினால் இது கைகொடுக்கும். ஆயினும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக வண்டிகளில் இருக்கைக்குத் தனியே முன்பதிவும் கட்டணமும் தேவை. பொதுச்சீட்டு இருக்கிறதே என்று முன்பதிவின்றி ஏறிவிட்டுத் தண்டம் கட்டியவர்கள் உண்டு. இத்தாலியின் வட்டார வண்டிக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுமுன் நிலையத்திலுள்ள பெட்டியில் செருகி முத்திரை பதிக்க வேண்டும். மறந்தால் அதற்கும் தண்டமே.

விசாவையும் இதனோடு சேர்த்து எண்ணுங்கள். 'ஷெங்கன்' விசாவில் குறித்த நாளுக்குமேல் ஒரு நாளும் தங்கலாகாது. இயற்கைச் சீற்றம் போன்ற தக்க காரணம் காட்டினால் நீட்டிப்புக் கோரலாம். ஆனால் அது காலாவதியாகும் முன்பே உரிய அலுவலகத்தை நாட வேண்டும். இங்கிலாந்து அந்த வட்டத்திற்கு வெளியே உள்ளது. ஒருமுறை நுழையும் விசாவோடு பாரிசிலிருந்து இலண்டன் போய்விட்டால், அதே விசாவில் திரும்பி வர முடியாது. இலண்டனுக்கென்று வேறு விசாவும் வேண்டும். எனவே இரயில் தவறியதும், "சரி, அதற்குப் பதில் அங்கே போவோம்" என்று திசை மாற்றுமுன் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். நாடு திரும்பும் விமானம் இருக்கும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாதுகாப்பு.

கூட்டம் பிரிந்துவிட்டால்...

பணம் போனால் சம்பாதிக்கலாம். மொழி தெரியாத ஊரில் வயதான தாயோ சிறு குழந்தையோ பிரிந்து நிற்பதுதான் உண்மையான இடர். கதவு தானே மூடிக்கொள்ளும் வண்டிகளில் இது நொடியில் நடந்துவிடும். புறப்படுமுன் வீட்டிலேயே ஓர் உடன்பாடு செய்து, எல்லோரையும் ஒருமுறை சொல்லிக் காட்டச் செய்யுங்கள்.

வண்டியோடு போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய நடைமேடையிலேயே நிற்க வேண்டும். நடைமேடையில் விடுபட்டவர் அங்கிருந்து அசையக் கூடாது. தேடிப் போவது குடும்பத்தில் ஒருவர் மட்டுமே. எல்லோரும் எல்லோரையும் தேடினால் யாரும் கிடைக்கமாட்டார்கள். ஆனால் நெடுந்தூர வண்டியில் அடுத்த நிலையம் ஒரு மணி தூரத்தில் இருக்கலாம். எனவே உடனே நடத்துநரிடம் சொல்ல வேண்டும்.

குடும்பத்தலைவர் எல்லோருடைய சீட்டையும் கடவுச்சீட்டையும் தம் ஒரே பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. பத்திரம் என்று எண்ணிச் செய்வது அது. அவர் ஒருவர் பிரிந்துவிட்டால் மற்ற அனைவரும் வெறுங்கையராய் நிற்பார்கள். பெரியவர் ஒவ்வொருவரிடமும் அவரவர் சீட்டும், கடவுச்சீட்டும், சிறிது பணமும், பிள்ளையின் தொலைபேசி எண்ணும் முகவரியும் எழுதிய தாளும் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் அவசர உதவிக்கு 112 என்ற ஒரே எண்தான். இதை எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

தாமதமும் தாங்கலும்

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஐரோப்பிய நகரமொன்றில் பணிபுரிகிறார். ஊருக்கு வந்திருந்தபோது அவர் சொன்னதை இங்கே எழுத அனுமதி பெற்றிருக்கிறேன்.

"ஹஜ்ரத், வாப்பாவும் உம்மாவும் வந்திருந்தபோது ஏரிக்கரை ஊர் ஒன்றுக்குப் போகத் திட்டம் போட்டேன். செலவு குறையும் என்று சீட்டை இரு துண்டாக வாங்கியிருந்தேன். முதல் வண்டி 50 நிமிடம் தாமதம். சந்திப்பில் இறங்கினால் மற்ற வண்டி போய்விட்டது. புதுச் சீட்டு வாங்கி அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம் பலகையில் உட்கார்ந்திருந்தோம். வாப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தாலும் தேவலை. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்."

"பிறகு?"

"உம்மா பையைத் திறந்து, கட்டிக்கொண்டு வந்திருந்த இடியாப்பத்தை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் முதல் தட்டு எப்போதும் வாப்பாவுக்குத்தான். அன்று அதை என் கையில் வைத்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. வாப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, 'தேத்தண்ணி எங்கே கிடைக்கும்? நான் வாங்கி வருகிறேன்' என்று எழுந்தார்கள். ஏரியில் என்ன பார்த்தோம் என்று இப்போது நினைவில்லை, ஹஜ்ரத். அந்தப் பலகை நினைவிருக்கிறது."

வாசகர்களே, இரயில் நிர்வாகம் தரும் இழப்பீடு கட்டணத்தில் பாதிவரைதான். நடைமேடையில் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவதால் வரும் இழப்புக்கு எந்த நிர்வாகமும் ஈடு தராது. "அப்போதே சொன்னேன்" என்ற ஒரு சொல்லால் ஒரு மணி நேரத் தாமதம் ஒரு வார மனத்தாங்கலாக வளர்ந்துவிடுகிறது. சீட்டு வாங்கிய பிள்ளை வேண்டுமென்றா வண்டியைத் தாமதிக்கச் செய்தான்? நம் சிறுவர்கள் அந்த நேரத்தில் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதில்லை; நம் முகத்தைப் பார்க்கிறார்கள். திட்டம் உடையும்போது பெரியவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்ற பாடத்தை அவர்கள் அங்கேதான் படிக்கிறார்கள். பிரயாணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது. பயணம் என்பது சிரமம் உள்ளது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட சலுகை அது. நாம் நம் கூட வருவோர்க்குச் சிறிது சலுகை தரக் கூடாதா?

மாறிய வழி சில வேளைகளில் மறைந்திருந்ததைக் காட்டுவதும் உண்டு. சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு மலையடியில் 57 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை 2016இல் திறக்கப்பட்டது. உலகிலேயே மிக நீளமான இரயில் சுரங்கம் அது. 2023 ஆகஸ்ட் 10ஆம் நாள் சரக்கு வண்டி ஒன்று அதனுள் தடம் புரண்டது. முழுப் போக்குவரத்தும் சீரடைய 2024 செப்டம்பர் 2 வரை ஆயிற்று. அதுவரை பயணி வண்டிகளில் பெரும்பாலானவை, 1882இல் அமைத்த பழைய மலைப்பாதையில் திருப்பிவிடப்பட்டன. பயண நேரம் சுமார் ஒரு மணி கூடியது. அப்பாதையில் வாஸ்ஸன் என்ற சிற்றூர் வருகிறது. வண்டி மலைக்குள் வளைந்து வளைந்து ஏறுவதால், அவ்வூரின் வெண்ணிறத் தேவாலயம் மூன்று முறை, மூன்று வெவ்வேறு உயரத்தில் கண்ணுக்குத் தென்படும். முதலில் அண்ணாந்து பார்க்கிறோம். பிறகு நேரே பார்க்கிறோம். இறுதியில் குனிந்து பார்க்கிறோம். சுரங்கத்தில் விரைந்திருந்தால் அவர்கள் கண்டிருக்கக் கூடியது இருட்டு மட்டுமே.

இதனால் தாமதம் நல்லது என்று சொல்ல வரவில்லை. உரிமையைக் கேட்டுப் பெறுங்கள், சான்றை விடாதீர்கள். ஆனால் பத்து நாள் பயணத்தில் ஒன்பது நாளுக்கு மட்டும் திட்டம் எழுதுங்கள். பத்தாவது நாளை எதற்கும் ஒதுக்காமல் வெறுமையாக விட்டுவையுங்கள். எந்த வண்டி தவறினாலும் அந்த நாளிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். எதுவும் தவறாவிட்டால், பிள்ளை வீட்டில் பேரக்குழந்தைகளோடு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கும். நாம் புறப்பட்டுப் போனதே அவர்களைப் பார்க்கத்தானே!

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வேறொரு பொருளோடு சந்திப்போம்.